ஓங்கில்கள் உறங்க வரும் இடத்தில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், எகிப்தின் தென்பகுதிச் செங்கடலில் இரண்டு இரவுகள் படகிலேயே தங்கி, தம் போக்கில் வாழும் டால்பின்களோடு ஒரே நீரில் மிதந்து திரும்பிய பயணத்தைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதியிருந்தேன். கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளடங்கிய நம் வடஆற்காட்டிலிருந்து அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து, எட்டுக் கேள்விகளாக்கிப் பதில் எழுதுகிறேன். டால்பினை நம் கடற்கரை மக்கள் ஓங்கில் என்பார்கள்; நீரைக் கிழித்துக்கொண்டு ஓங்கி எழும் அந்த உருவத்தை நேரில் கண்ட பிறகு எனக்கு வேறு பெயர் வாயில் வருவதில்லை என்பதால் அந்தச் சொல்லையே இங்கும் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: அம்மா, இரை போட்டுப் பழக்கித்தான் அவற்றை வரவழைக்கிறார்களா? இல்லையென்றால் அவை அங்கே வரும் என்பது எப்படி முன்கூட்டியே தெரிகிறது? இரவில் படகிலேயே தங்க வேண்டிய அவசியம் என்ன? – வாசகர், சத்துவாச்சாரி

இரை போடுவதில்லை. நாங்கள் சென்ற சட்டாயா என்னும் பவளத்திட்டு, மர்சா ஆலம் நகருக்குத் தெற்கே, ஹமாட்டா என்ற சிறு துறைமுகத்திலிருந்து படகில் அடைய வேண்டிய இடம். பிறை நிலவைப் போல் வளைந்த அந்தத் திட்டு, செங்கடலில் ஓயாமல் வீசும் வடக்குக் காற்றையும் அலையையும் தன் முதுகில் வாங்கிக்கொள்வதால், அதன் உள்வளைவில் மணற்பரப்பின் மேல் நீர் அமைதியாகக் கிடக்கிறது. அந்த அமைதியைத் தேடித்தான் ஓங்கில்கள் வருகின்றன.

அங்கே வாழ்பவை ஸ்பின்னர் எனப்படும் இனம். துள்ளும்போது உடலைப் பம்பரம்போல் சுழற்றுவதால் வந்த பெயர் அது. இவை பகலில் வேட்டையாடுவதில்லை. பகலெல்லாம் ஆழத்தில் மறைந்திருக்கும் சிறு மீன்களும் கணவாய்களும் இறால்களும் இருட்டிய பிறகு மேல்நோக்கி எழும். அவற்றைத் தின்பதற்காக ஸ்பின்னர்கள் மாலையில் ஆழ்கடலுக்குப் போய், இரவு முழுதும் உழைத்து, விடியும் நேரத்தில் கரையோரத் திட்டுகளுக்குத் திரும்புகின்றன. இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பும் தொழிற்சாலை ஊழியரை ராணிப்பேட்டைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே வாழ்க்கை. ஆழம் குறைந்த வெள்ளை மணலின் மேல் சுறா நெருங்கினால் தொலைவிலேயே தெரிந்துவிடும் என்பதும் அவை அங்கே ஓய்வெடுக்க ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இரவில் தங்குவதன் காரணம் இதிலிருந்தே விளங்கும். காலையில் கரையிலிருந்து கிளம்பும் பகல் படகுகள் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். திட்டின் ஓரத்தில் கயிறு கட்டி இரவைக் கழித்த படகோ, ஓங்கில்கள் உள்ளே வரும் வேளையில் ஏற்கெனவே இயந்திரத்தை நிறுத்தி அமைதியாக நின்றுகொண்டிருக்கும். முதல் நாள் விடியலில் நான் படகின் மேல்தட்டில் நின்று பார்த்தபோது, சாம்பல் நிற நீரில் மூச்சு விடும் 'புஸ்' என்ற ஒலிதான் முதலில் வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக முதுகுத்துடுப்புகள் எழுந்தன. அவை மீன்கள் அல்ல. நம்மைப் போலவே நுரையீரலால் மூச்சு வாங்கும் பாலூட்டிகள். நினைத்து நினைத்து மூச்சு வாங்க வேண்டியிருப்பதால் முழுதாக உறங்கவும் அவற்றால் முடியாது. மூளையின் ஒரு பாதி உறங்கும்போது மறு பாதி விழித்திருக்கும். நாம் நீரில் இறங்கும்போது நம் எதிரே மெல்ல நீந்திச் செல்லும் கூட்டம் உறங்கிக்கொண்டிருக்கும் கூட்டம் என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டு மற்றப் பதில்களையும் படியுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 46. சிறுமியாக இருந்தபோது எங்கள் நிலத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீச்சல் கற்றேன். அதன் பிறகு நீரில் இறங்கியதே இல்லை. நான் போகலாமா? – வாசகி, குடியாத்தம்

போகலாம் அம்மா, ஆனால் நேரே போகாதீர்கள். நானும் கிணற்று நீச்சல்காரிதான். கிணற்றில் கற்றவருக்கு நீரைக் கண்டு பயம் இராது என்பது உண்மை. ஆனால் கிணற்றில் எந்தப் பக்கம் நாலு வீச்சு போட்டாலும் கை சுவரைத் தொடும். கடலில் சுவர் இல்லை. அதைவிட ஒரு வேற்றுமை உண்டு. அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நம் கிணறும் ஏரியும் கோட்டை அகழியும் பச்சை நீரால் தம் ஆழத்தை மறைத்துவிடுகின்றன. செங்கடலில் இருபது மீட்டருக்கு அப்பாலும் கண்ணாடி போல் தெரியும். முகத்தை நீருக்குள் வைத்த அந்தக் கணத்தில், நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து பிடிமானமின்றித் தொங்குவது போல் வயிறு கவ்வியது. அது மூழ்கும் பயமன்று, உயரத்தின் பயம். படகின் ஏணியைப் பிடித்தபடி இரண்டு நிமிடம் கீழே பார்த்துக்கொண்டிருந்தால் அது தணிந்துவிடும்.

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஒரு நீச்சல் குளத்தில் பழகத் தொடங்குங்கள். முதலில் கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கும், முகம் நீருக்குள் இருக்கும்போது வாயால் மூச்சு வாங்க உதவும் ஸ்நார்க்கல் குழாயும் அணிந்து, இடுப்பளவு நீரில் நின்றபடியே முகத்தை மட்டும் நீருக்குள் வைத்து, வாயால் மூச்சு வாங்கப் பழகுங்கள். மூக்கால் மூச்சு வாங்கும் பழக்கத்தை விடுவதற்கே மூன்று நாள் ஆகும். மூச்சு மெதுவாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். சின்னச் சின்ன மூச்சாக வாங்கினால், குழாயில் தங்கிய பழைய காற்றையே திரும்பத் திரும்ப இழுத்து, கரியமில வாயு கூடி, காரணம் தெரியாத பதற்றம் வரும். முகம் முழுவதையும் மூடும் புதுவகை மாஸ்க்குகளில் இந்த இடர் கூடுதல் என்பதால் நான் அவற்றை வாங்கச் சொல்ல மாட்டேன். அடுத்து, குழாய்க்குள் நீர் புகுந்தால் ஒரே ஊதலில் வெளியேற்றப் பழகுங்கள். கடைசியாகக் கையை அசைக்காமல், இடுப்பிலிருந்து காலை மட்டும் மெல்ல அசைத்து இருபது நிமிடம் முகம் கவிழ்ந்து மிதக்கப் பழகுங்கள். ஓங்கில்களின் அருகில் கைவீச்சும் நீர்த்தெறிப்பும் கூடாது என்பதால் இந்தக் கடைசிப் பாடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம்.

உப்பு உங்களுக்குத் துணை நிற்கும். பொதுவாகக் கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் அளவில் இருக்கும் உப்பு, செங்கடலில் 40 கிராம் அளவுக்கு இருக்கிறது. குளத்தில் மிதப்பதைவிட அங்கே மிதப்பது எளிது. லைஃப் ஜாக்கெட் அணிந்து இறங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் மூச்சடக்கி ஆழத்துக்கு மூழ்க ஆசைப்பட்டு, அதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்து விடும் வழக்கம் சில இளைஞர்களிடம் உண்டு. அது உடலிலுள்ள கரியமில வாயுவைக் குறைத்து, மூச்சு வாங்க வேண்டும் என்ற உந்துதலையே தள்ளிப்போட்டு, நீருக்குள்ளேயே நினைவிழக்கச் செய்யும். நீச்சலில் தேர்ந்தவர்களே இதற்குப் பலியாகியிருக்கிறார்கள். இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில், உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் நீச்சலே தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது பாலங்களில் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று நான் கவலையோடு எண்ணிப் பார்த்ததுண்டு. ஓங்கிலுக்காகப் பயிலத் தொடங்கும்போது அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் மகளும் அவள் தோழியரும் இப்படி ஒரு பயணத்துக்கு ஆயத்தமாகிறார்கள். நடுக்கடலில் படகில் உறங்குவது பாதுகாப்பானதா? – வாசகர், ராணிப்பேட்டை

உங்கள் அச்சம் நியாயமானது. அதை நான் மழுப்ப மாட்டேன். 2024 நவம்பர் 25 அன்று விடியற்காலையில், நான் சென்ற அதே சட்டாயா பகுதிக்கு அருகில், நாற்பது பேருக்கு மேல் இருந்த சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்தது. முப்பது பேருக்கு மேல் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் கவிழ்ந்த படகின் அறைக்குள்ளேயே சிக்கிக் கிடந்து மறுநாள் வெளியே கொண்டுவரப்பட்டவர்கள். 2023 ஜூனில் அதே கடற்பகுதியில் வேறொரு படகு தீப்பற்றி மூன்று பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2019 செப்டம்பர் 2 அன்று, கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேர் படகுத் தீயில் இறந்ததை விசாரித்தவர்கள், இரவில் சுற்றி வந்து கண்காணிக்க ஒருவரும் விழித்திருக்கவில்லை என்பதையே பெரும் குறையாகக் கண்டார்கள்.

இந்தச் செய்திகளை அறிந்துதான் நானும் போனேன். ஆகையால் முன்பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்கினேன். உங்கள் மகளையும் கேட்கச் சொல்லுங்கள். இரவு முழுதும் விழித்துச் சுற்றி வரும் காவலர் ஒருவர் உண்டா என்பதே முதல் கேள்வி. கீழ்த்தள அறைகளிலிருந்து மேலே வர, படிக்கட்டு ஒன்றைத் தவிர இரண்டாவது வழி உண்டா, அது வேறொரு இடத்தில் திறக்கிறதா, பூட்டப்படாமல் இருக்கிறதா என்பது அடுத்தது. கைப்பேசி, கேமரா மின்கலங்களை உறங்கும் அறையில் இரவில் மின்னேற்ற விடுகிறார்களா? விடுகிறார்கள் என்றால் அந்தப் படகு வேண்டாம். காற்று மிகுந்த நாளில் துறைமுக அதிகாரிகள் எச்சரித்தால் பயணத்தை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தருவார்களா? பணம் போய்விடுமே என்ற தயக்கத்தில் கிளம்பும் படகுகள்தாம் ஆபத்தானவை. எனக்கு முதலில் விலை குறைவாகச் சொன்ன ஒரு நிறுவனம், காவலரைப் பற்றிய கேள்விக்கு மூன்று முறை எழுதியும் பதில் தரவில்லை. அதை விட்டுவிட்டேன்.

படகில் ஏறியதும் லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஒருமுறை அணிந்து பார்த்து, தன் அறையிலிருந்து மேல்தட்டு வரை கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழக வேண்டும். நான் செய்தேன். நல்ல காற்றோட்டமான வேளைகளில் பலரும் மேல்தட்டிலேயே பாய் விரித்துப் படுக்கிறார்கள். நானும் இரண்டு இரவும் மொட்டை மாடிப் படுக்கையைப் போல் அங்கேதான் உறங்கினேன். கடல் மீட்பையும் மருத்துவச் செலவையும் சேர்த்துக்கொள்ளும் பயணக் காப்பீடு இல்லாமல் யாரும் போகக் கூடாது.

கேள்வி: தொட்டுப் பார்க்க விடுவார்களா? – மாணவர், ஆரணி

தொடக் கூடாது, தம்பி. அதன் தோல் மென்மையானது. நம் நகமும் மோதிரமும் கீறிவிடும். நம்மிடமிருந்து அதற்கும் அதனிடமிருந்து நமக்கும் நோய் தொற்ற வாய்ப்புண்டு. கையை மார்போடு கட்டிக்கொண்டு மிதந்தால், சில வேளை அதுவே இரண்டு கை தொலைவுக்கு வந்து உங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். அந்தத் தொலைவை முடிவு செய்யும் உரிமை அதனுடையது. இரை போடுவதும் கூடாது.

கேள்வி: உறங்க வரும் உயிரின் நடுவே நாம் போய் விழுவது அதற்குத் தொல்லை இல்லையா? நீங்கள் போனது சரிதானா? – வாசகி, ஆம்பூர்

வந்த கடிதங்களிலேயே என்னை நெடுநேரம் உட்கார வைத்தது உங்களுடையதுதான்.

தொல்லைதான். இதில் இரு கருத்துக்கு இடமில்லை என்று எண்ணிய நாடுகள் சட்டமே இயற்றியிருக்கின்றன. ஹவாய்த் தீவுகளில் வாழ்பவையும் இதே ஸ்பின்னர்கள். பல்லாண்டுகளாக அவற்றின் ஓய்விடங்களில் சுற்றுலாப் படகுகள் குவிந்ததன் பயனாக, 2021 அக்டோபர் முதல், கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை, அவற்றுக்கு 50 கஜத்துக்குள் நீந்தியோ படகிலோ நெருங்குவது அங்கே குற்றம். நியூசிலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதியில் பாட்டில்மூக்கு ஓங்கில்களின் எண்ணிக்கை சரிந்ததைக் கண்டு, 2019இல் அவற்றோடு நீந்தும் சுற்றுலாவை அரசு நிறுத்தியது. காரணம் எளிமையானது. கலைக்கப்பட்ட ஓங்கில் சாவதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் உறக்கத்தில் ஒரு பங்கு குறைகிறது. இரவில் வேட்டைக்கான வலிமை குறைகிறது. ஏறத்தாழ பத்து மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈன்று, அதற்கு ஓராண்டுக்கு மேல் பாலூட்டும் தாய்க்கு அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதைத் தூக்கமில்லாமல் பிள்ளை வளர்த்த நாம் அறிவோம்.

இரண்டாம் நாள் நான் கண்டதைச் சொல்கிறேன். பதினைந்து இருபது ஓங்கில்கள் ஒன்றையொன்று ஒட்டியபடி, ஒரே தாளத்தில் மேலெழுந்து மூச்சு வாங்கி, ஒரே தாளத்தில் தாழ்ந்துகொண்டிருந்தன. துள்ளலும் இல்லை, ஒலியும் மிகக் குறைவு. அது ஆழ்ந்த ஓய்வின் அடையாளம். அப்போது பகல் படகு ஒன்றிலிருந்து வந்த ரப்பர் படகு, கூட்டத்தின் முன்னால் போய்க் குறுக்கே நின்று, பத்துப் பேரை அவற்றின் பாதையிலேயே இறக்கிவிட்டது. கூட்டம் சட்டென்று திசை மாறியது. ஒன்று வாலால் நீரை அறைந்தது. ரப்பர் படகு இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு மறுபடியும் முன்னால் போனது. மூன்றாம் முறை ஓங்கில்கள் திட்டை விட்டே வெளியேறிவிட்டன. காலை ஒன்பதரை மணி. அவை மாலை வரை இருந்திருக்க வேண்டிய இடம் அது. முதல் நாள் காலையில் நானும் ஆர்வம் தாங்காமல் காலை வேகமாக உதைத்து ஒரு தாயும் குட்டியும் போன திசையில் துரத்தியிருந்தேன். எங்கள் வழிகாட்டி என் தோளைத் தட்டி நிறுத்தினார். நான் செய்ததற்கும் அந்த ரப்பர் படகு செய்ததற்கும் அளவில்தான் வேற்றுமை.

ஆகவே, இன்று எனக்கு மறுபடி வாய்ப்பு வந்தால் சட்டாயாவுக்குப் போக மாட்டேன். அதே கடற்கரையில் சற்று வடக்கே சமதாய் என்ற திட்டு இருக்கிறது. கட்டுப்பாடற்ற கூட்டத்தால் அங்கே ஓங்கில்கள் அல்லல்பட்ட பிறகு, 2004இல் அதை மண்டலங்களாகப் பிரித்தார்கள். உள்வளைவு முழுதும் ஓங்கில்களுக்கே உரியது. அங்கே படகோ மனிதரோ நுழையக் கூடாது. நீந்துபவர்களுக்குக் கயிறும் மிதவையும் கட்டிய ஓரிடம்; படகுகள் நிற்க வேறிடம். நாள்தோறும் எத்தனை பேர், எந்த நேரத்தில் என்பதற்கும் வரம்பு உண்டு. நாம் நம் பகுதியில் மிதந்து காத்திருக்கலாம். வர விரும்பினால் அவை கயிற்றைக் கடந்து நம்மிடம் வரும். விரும்பாவிட்டால் பவளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இந்த முறையை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

எல்லா ஓங்கிலும் பகலில் உறங்குபவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பஹாமாஸ் தீவுகளின் ஆழம் குறைந்த மணல்மேடுகளில் வாழும் புள்ளி ஓங்கில்கள் பகலில் மனிதரோடு விளையாட வருவதும் உண்டு. டெனிஸ் ஹெர்சிங் என்ற ஆய்வாளர் 1985 முதல் தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பின்தொடர்ந்து பதிவு செய்து வருகிறார். ஜப்பானில் டோக்கியோவிலிருந்து இரவுக் கப்பலில் ஏறினால் விடியலில் மிகுரா என்ற சிறு தீவில் இறங்கலாம்; அங்கே தீவைச் சுற்றியே வாழும் ஓங்கில்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள். எந்த இனம், அது எப்போது ஓய்வெடுக்கும், அங்கே என்ன விதி என்ற மூன்றையும் கேட்டுப் படகைத் தேர்ந்தெடுங்கள். 'ஓங்கிலைப் பார்ப்பது உறுதி' என்று விளம்பரம் செய்பவர் துரத்தித்தான் காட்டுவார்.

கேள்வி: வெளிநாடு செல்ல எங்களுக்கு வசதி இல்லை. நம் நாட்டிலேயே வழி உண்டா? – வாசகர், காட்பாடி

ஓங்கிலைப் பார்க்க வழி உண்டு. அதோடு நீந்தும் சுற்றுலாவை நம் நாட்டில் நாட வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓங்கில்கள் புலிக்கு இணையாக முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றைத் துன்புறுத்துவது குற்றம். 1990களின் இறுதியில் சென்னைக்கு அருகே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓங்கில்கள் சில மாதங்களிலேயே இறந்துபோனதை உங்களில் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். 2013இல் ஓங்கில் காட்சியகங்களுக்கு இந்திய அரசு அனுமதி மறுத்தது. நான் பெருமையோடு சொல்லும் முடிவுகளில் அது ஒன்று.

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கும் ஒரு பயணத்தைச் சொல்கிறேன். காட்பாடி சந்திப்பில் ஆலப்புழை செல்லும் ரயிலில் இரவில் ஏறினால் மறுநாள் காலை எர்ணாகுளம். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பல்கள் உண்டு. தீவைப் பொறுத்து பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம் வரை ஆகும். அதுவும் ஓர் இரவுக் கடல் பயணமே. விடியற்காலையில் மேல்தட்டில் நின்றால், கப்பலின் முன் அலையில் சறுக்கியபடி ஸ்பின்னர்கள் துள்ளி வருவதைப் பார்க்கும் வாய்ப்பு நிறையவே இருக்கிறது. தீவுகளின் உப்பங்கழியில் ஸ்நார்க்கல் அணிந்து பவளத்தையும் ஆமையையும் பார்க்கலாம். ஓங்கில் கப்பலின் மேல்தட்டிலிருந்து, பவளம் நீருக்குள்ளிருந்து. இந்தப் பங்கீடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நுழைவு அனுமதி முன்கூட்டியே பெற வேண்டும். தென்மேற்குப் பருவமழை மாதங்களைத் தவிருங்கள்.

நம் மாநிலத்தில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல்வாழ் தேசியப் பூங்கா 1986இல் அமைக்கப்பட்டது. தூத்துக்குடி, இராமேசுவரம் மீனவர்களிடம் ஓங்கிலைப் பற்றிக் கேட்டால் நாள் முழுதும் சொல்வார்கள். பாக் நீரிணைப் பக்கத்தில் நீர் கலங்கலாக இருக்கும் என்பதால் மூழ்கிப் பார்க்க அது ஏற்ற இடமன்று; ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் அப்படியே, அங்கே படகிலிருந்து இராவதி ஓங்கிலைப் பார்க்கலாம்.

கேள்வி: கடல் குமட்டல், மூக்குக்கண்ணாடி, உடை பற்றிச் சொல்லுங்கள். – வாசகர்கள், வாணியம்பாடி, போளூர், சோளிங்கர்

குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு விழுங்கிப் பயனில்லை. படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை என்றால் அதன் மயக்கத்தில் நீரில் இறங்கக் கூடாது. கீழறையில் படுக்காமல் படகின் நடுப்பகுதியில் அமர்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது, நெய் மிதக்கும் பிரியாணியும் ஆகாது. சுக்குக் காப்பி எனக்குக் கைகொடுத்தது.

மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு அவர்கள் பார்வைக்கேற்ற கண்ணாடி பொருத்திய மாஸ்க் கிடைக்கிறது. இங்கேயே வாங்கிப் பழகிக்கொண்டு செல்லுங்கள். அடர்ந்த மீசை உள்ளவர்களுக்கு மாஸ்க்கின் கீழ்விளிம்பு படியாமல் நீர் கசியும். மீசையை எடுக்க வேண்டியதில்லை. மூக்குக்குக் கீழே ஒரு விரற்கடை அளவு கத்தரித்தாலும், சிறிது வாசலைன் தடவினாலும் பெரும்பாலும் சரியாகும். மாஸ்க்கின் விளிம்பில் முடி சிக்காதபடி பெண்கள் கூந்தலை இறுகப் பின்னிக்கொள்ள வேண்டும்.

உடலை ஒட்டிய முழுக்கை மேலாடையும் கணுக்கால் வரையிலான கீழாடையும் வெயிலுக்கும் நல்லது, நம் கூச்சத்துக்கும் நல்லது; படகில் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. உடலை மூடினால் சன்ஸ்கிரீன் தேவை குறையும். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன்கள் பவளத்துக்குத் தீங்கானவை என்று ஹவாய் அவற்றின் விற்பனையை 2021 முதல் தடை செய்திருக்கிறது. வாங்கும்போது உறையைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: அவை உங்களைப் பார்த்துச் சிரித்தனவா? பேசினவா? – ஏழாம் வகுப்பு மாணவி, வாலாஜாபேட்டை

சிரிக்கவில்லை, கண்ணே. ஓங்கிலின் தாடை அமைப்பே அப்படி. வலியில் இருக்கும்போதும் அதன் முகம் அதே போலத்தான் இருக்கும். அதன் மனத்தை அறிய முகத்தைப் பார்க்காமல், அது நீந்தும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் பேசின. நீருக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும்; காற்றில் ஓடுவதைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். அவ்வளவு வேகத்தில் வரும் ஒலி நம் இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில் அடைந்துவிடுவதால், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம்மால் சொல்ல முடியாது. முதல் நாள் நான் நீரில் முகம் வைத்தபோது கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, நீலம் மட்டும்தான். ஆனால் சீழ்க்கை ஒலி கேட்டது. முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்று தெரியாமல், தலைக்குள்ளேயே யாரோ விசில் அடிப்பது போல் இருந்தது. அதனூடே கதவு கிறீச்சிடுவது போல் நெருக்கமான சொடுக்கொலிகள். அந்தச் சொடுக்கொலிகளை எறிந்து, பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு, ஓங்கில் தன் எதிரே இருப்பதை அறிந்துகொள்கிறது. நான் அவற்றைக் காண்பதற்கு வெகுநேரம் முன்பே அவை என்னை அறிந்திருந்தன.

பிறகு அவை எனக்குக் கீழே வந்தன. எண்ணினேன், பதினேழு. அவற்றில் ஒன்று தாயின் வயிற்றை ஒட்டி நீந்திய குட்டி. அந்த முறை நான் காலை அசைக்கவில்லை. கடந்து போக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவை நீலத்துக்குள் மறைந்த பிறகும் நெடுநேரம் அந்தச் சீழ்க்கை கேட்டுக்கொண்டே இருந்தது.